ஆரஞ்சுப் பக்கம் வெளியே

நவம்பர் 28, 2016
திங்கட்கிழமை

அன்புத் தம்பி ஹார்லனுக்கு,

உன் அண்ணன் நார்பர்ட் எழுதுகிறேன். என் கோழிக் கிறுக்கலைப் பார்த்தால் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடுவாய் என்று உறையின் மேல் முகவரியை உன் அண்ணி லவோனை எழுதச் சொன்னேன். ஆமாம், ஏமாற்று வேலைதான். பிரித்தது பிரித்துவிட்டாய், முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. உன் முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. உன் மனைவியும் என் மனைவியும் நமக்குத் தெரியாமல் இருபது வருடமாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்களாம். எனக்கே போன வாரம்தான் தெரியும்.

இங்கே நாங்கள் சுகம். லவோனுக்கு வலது முழங்கால் மட்டும் மக்கர் பண்ணுகிறது. மாடுகளைக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. தொழுவம் காலியாகக் கிடக்கிறது, அதில் என் மகள் ரோண்டா தன் படகை நிறுத்தியிருக்கிறாள். நியூ மெக்சிகோ வெயில் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? கை எப்படி இருக்கிறது? இந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு இருபத்தேழு வருடம் ஆகியிருக்கிறது. நான் சுட்ட கை. நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

இந்தக் கடிதம் அந்த நாளைப் பற்றித்தான். உன் கோட்டைப் பற்றித்தான். ஆனால் அதற்கு முன்னால் இந்த வருடம் இங்கே நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உனக்குப் புரியாது.

மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இனிமேல் ஆரஞ்சுக்குப் பதிலாக ரோஸ் நிறமும் போட்டுக்கொள்ளலாம் என்று பிப்ரவரியில் சட்டம் கொண்டுவந்தார்கள். மற்றபடி பழைய விதிதான். இடுப்புக்கு மேலே தெரிகிற துணியில் பாதியாவது பளிச்சென்று ஒளிரும் நிறமாக இருக்க வேண்டும், தொப்பி போட்டால் அதிலும் பாதி. அவ்வளவுதான் சங்கதி. அதற்கு நான் ஆடிய ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு மதுக்கடையில் ஊரே கூடியிருக்கும்போது நாற்காலியில் ஏறாத குறையாகக் கத்தினேன். "என்னங்கடா இது, நாம மான் சுடப் போறோமா, இல்ல பொம்பளப் புள்ள பொறந்த வீட்டுக்கு ரோஸ் தொட்டில் தூக்கிட்டுப் போறோமா? ஆரஞ்சுக்கு என்ன கேடு? ஒரு மைல் தூரத்துலேர்ந்து தெரியுமே!" என்றேன். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். தெரியுமே என்று சொன்னேன் பார், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

ஊரில் என் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அது உனக்குத் தெரியாது. இருபத்தாறு வருடமாக வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது நான்தான். உன் விஷயத்தில் ஒரு வருடம் என் வேட்டை உரிமத்தை ரத்து செய்தார்கள் அல்லவா, அது முடிந்ததும் பாதிரியார்தான் இழுத்துவிட்டார். சுட்டவனே வந்து நின்று சொன்னால் யாரும் மறக்க மாட்டார்கள் என்றார். நானும் போய் நின்றேன். என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதை எழுத இப்போது கை வரமாட்டேன் என்கிறது.

ரோண்டாவை உனக்கு ஞாபகம் இருக்கும். ஏழு வயதில் நீ அக்கார்டியன் வாசிக்கும்போது உன் மடியில் ஏறி உட்கார்ந்து உன்னை வாசிக்கவிடாமல் செய்தவள். இப்போது முப்பத்து நான்கு வயது, டேரில் என்று ஒரு நல்ல பையனைக் கட்டியிருக்கிறாள். என் மேல் உள்ள வீம்புக்காகவே கடைக்குப் போய் ரோஸ் கோட்டும் ரோஸ் தொப்பியும் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். "எப்பிடி இருக்கேம்ப்பா?" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். "வயித்தெரிச்சல் மருந்து மாதிரி இருக்கே" என்றேன். "பரவால்ல, குடிங்க, உங்களுக்குத்தான் தேவை" என்றாள். அவளுக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்கவே வேண்டாம்.

பருவம் தொடங்கிய சனிக்கிழமை, பத்தொன்பதாம் தேதி. முந்தின நாள்தான் காற்றும் மழையும் கொட்டி, கடைசியில் லேசாகப் பனி தூவியிருந்தது. சதுப்புப் புல் எல்லாம் பனிக்கு மேலே பழுப்பாக நீட்டிக்கொண்டு நின்றது. நான் நம் மேற்குப் பரணில் இருந்தேன். கையில் அப்பாவின் பழைய துப்பாக்கி, தொலைநோக்கி பொருத்தாதது. ரோண்டாவும் டேரிலும் சதுப்புக்கு அந்தப் பக்கம். எட்டரை மணி வாக்கில் அங்கிருந்து ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. யாரோ ஒன்றை அடித்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

ரோஸ் தெரிந்தது. நூற்றைம்பது கஜம் இருக்கும். சனியன், கண்ணைக் குத்துகிற மாதிரி அப்படித் தெரிந்தது. தனியாக இருந்தும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஐம்பது வருட வேட்டையில் அவ்வளவு தூரத்தில் ஓர் ஆளை நான் அவ்வளவு துல்லியமாகப் பார்த்ததே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அவளுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்துக்குக் கீழே, புல்லோடு புல்லாக ஒரு முதுகு அசைந்தது. பழுப்பு முதுகு. மான் என்றுதான் நினைத்தேன். அடிபட்ட மான் விழுந்துவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறது, இந்தப் பெண் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு பராக்குப் பார்க்கிறாள் என்று அவள் மேல் கோபம்கூட வந்தது. துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். பாதுகாப்புப் பூட்டை விலக்கினேன். ஹார்லன், நான் பூட்டை விலக்கிவிட்டேன். ரோஸுக்கு மிகவும் ஒட்டி இருக்கிறதே, இரண்டு எட்டு நகரட்டும் என்று மட்டும்தான் காத்திருந்தேன். அது ஆரஞ்சாக இருந்திருந்தால் அவளும் எனக்குத் தெரிந்திருக்க மாட்டாள், நான் காத்திருந்திருக்கவும் மாட்டேன்.

அப்போது அந்த ரோஸ் ஒரு கையை நீட்டி மானின் முதுகில் தட்டிக்கொடுத்தது.

மான் நிமிர்ந்து நின்றது. என் மருமகன்.

குனிந்து, தான் அடித்த மானின் வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்துகொண்டிருந்திருக்கிறான். தோட்டாக்களை எடுத்துப் பனியில் வீசிவிட்டுப் பரணிலிருந்து இறங்கினேன். இறங்கும்போது கால் இரண்டு முறை வழுக்கியது. சதுப்பைச் சுற்றி ஓடி அவர்களிடம் போய்ச் சேர்ந்தேன். டேரில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, என்ன ஆச்சு? உக்காருங்க, உக்காருங்க" என்று கையைப் பிடித்தான். அவன் கை முழுக்க ரத்தம். நான் கேட்டது ஒன்றுதான். நீ என்ன நிறம் போட்டிருக்கிறாய்?

அவன் சிரித்தான். "இது என்ன கேள்வி மாமா? ஆரஞ்சுதான். தொப்பி, கோட்டு, கையுறைகூட ஆரஞ்சு. உங்க பொண்ணு மாதிரி நான் மானங்கெட்டுப் போகல" என்றான். ரோண்டா, "ஏம்ப்பா, மான அடிச்சதும் இவரு எவ்ளோ நேரம் உங்களப் பாத்துக் கையாட்டினாரு. பாத்துட்டே பேசாம இருந்தீங்க. ரோஸுக்காகக் கோவம்னு நெனச்சோம்" என்றாள்.

நான் உன் புருஷனைக் குறி பார்த்தேன் என்று சொன்னேன். அவள் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். டேரில் செத்த மானின் பக்கத்தில் பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மத்தியானம் வீட்டுப் பின்னால் ரோண்டா ஒரு சோதனை வைத்தாள். மான்களைத் தோலுரிக்கும் கொட்டகைக்குப் பின்னால் பனி நிற்காத இடத்தில் காய்ந்த புல் இருக்கிறது அல்லவா, அங்கே டேரிலின் ஆரஞ்சுத் தொப்பியை வைத்துவிட்டு, ஐம்பது எட்டு தள்ளி என்னை நிறுத்தி, "எங்க இருக்கு, காட்டுங்க" என்றாள். நான் காட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. இன்னொன்று காட்டினேன், அது ஒரு மண்கட்டி. அவளுடைய ரோஸ் கையுறையை வைத்தாள். திரும்பிய நொடியில் காட்டிவிட்டேன். மூன்று முறை மாற்றி மாற்றி வைத்தாள். மூன்று முறையும் அதேதான். அவள் கைபேசியில் எதையோ தேடிப் படித்துவிட்டு, சிலர் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பழுப்பும் பச்சையும் ஒரே கூட்டம்தான், பிறவியிலேயே அப்படி, ரோஸில் நீலம் கலந்திருப்பதால் அது தனியாகத் தெரிகிறது என்று சொன்னாள்.

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஆரஞ்சு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்தில் வந்தால் கோட்டு தெரியும், ஆள் தெரியும், அந்தக் கோட்டின் நிறத்துக்குப் பெயர் ஆரஞ்சு. ஒரு மைல் தூரத்திலிருந்து தெரிகிறது என்று நீங்கள் எல்லோரும் சொல்லும்போது, பிடித்த மீனின் நீளத்தைச் சொல்கிற மாதிரி கொஞ்சம் இழுத்துச் சொல்கிறீர்கள் என்று நினைத்து, நானும் இழுத்துச் சொன்னேன். லவோன் படியில் நின்றுகொண்டு, "நாப்பது வருஷமா தோட்டத்துலேர்ந்து பச்சத் தக்காளியாப் பறிச்சிட்டு வருவாரு. சோம்பேறித்தனம்னு நான் திட்டாத நாள் கெடையாது" என்று சிரிக்க ஆரம்பித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நார்பர்ட்" என்றாள். "ஹார்லன்" என்றாள்.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரிந்த கதைதான். பொறுத்துக்கொள். ஒரு தடவையாவது அதை நான் சரியாகச் சொல்ல வேண்டும்.

எண்பத்தொன்பது நவம்பரில் நீ உன் இரட்டைப் பக்கக் கோட்டைப் போட்டிருந்தாய். ஒரு பக்கம் பழுப்பு, வில் வேட்டைப் பருவத்துக்கு. புரட்டினால் ஆரஞ்சு, துப்பாக்கிப் பருவத்துக்கு. நீ ஓடை மேட்டில் ஒரு கிடா மானைக் குனிந்து இழுத்துக்கொண்டு வந்தாய். நான் பழுப்பைப் பார்த்தேன், சுட்டேன். ஓடி வந்தபோது உன் இடது கை முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டுப் போட வேண்டுமே என்று கோட்டை உன் மேலிருந்து உருவினேன். காயம்பட்ட கையைவிட்டு அது வரவில்லை, பிடித்து இழுத்தேன். நீ போட்ட அலறல் இன்னும் எனக்குக் கேட்கிறது. மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது கோட்டு தரையில் கிடந்தது, பழுப்புப் பக்கம் வெளியே. வனக்காவலரும் அதைத்தான் பார்த்தார். வில் பருவம் முடிந்தும் கோட்டைப் புரட்டிப் போட மறந்துவிட்டான் என்று எழுதினார். பழுப்பைத்தான் பார்த்தேன் என்று நானும் சத்தியம் பண்ணினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த உனக்கு அபராதச் சீட்டைக் கொடுத்தார்கள்.

உருவும்போது கோட்டு உள்பக்கம் வெளியே திரும்பிவிடும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. கழற்றிய எனக்கே தோன்றவில்லை, என் கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதானே. நீ மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாய். "ஆரஞ்சுப் பக்கந்தான் வெளிய இருந்துச்சு, காலையில நானே பொத்தான் போட்டேன்" என்றாய். நான் உன்னைப் பொய்யன் என்றேன், உன் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு. அடிபட்டவனைப் பார்த்து அடித்தவன்.

இதற்கு மேல் உள்ளதும் உனக்குத் தெரிய வேண்டும். மறைத்தால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் ஓர் இரட்டைப் பக்கக் கோட்டைத் தூக்கிக் காட்டி உன் கதையைச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லித்தான். அதனால் இந்த ஊரில் எவனாவது கோட்டை உள்ளே வெளியே மாட்டிக்கொண்டால், தொப்பியை வண்டியிலேயே மறந்துவிட்டு வந்தால், "டேய், ஹார்லன் பண்ணிட்டியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. உன்னை ஒருநாளும் பார்த்திராத பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சாகும்முன் அம்மா உனக்குப் போன் செய்து, கோட்டு விஷயத்தை ஒத்துக்கொண்டால் அண்ணன் தம்பி ஒன்றாகிவிடலாமே என்று அழுதாள் அல்லவா? அவளைப் பேசச் சொன்னது நான்தான். எண்ணைச் சுழற்றிக் கொடுத்ததும் நான்தான். நீ மாட்டேன் என்றதும், பார்த்தாயா அம்மா, அவன் பிடிவாதத்தை என்றேன். அவளும் அப்படியே நினைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு இதுதான் தாங்கவில்லை ஹார்லன். உன் கையைக்கூட விபத்து என்று சொல்லிக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்வது?

செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறேன், கேள். நன்றியறிதல் பண்டிகைக்கு மறுநாள், போன வெள்ளிக்கிழமை, அதே மதுக்கடையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் ஏதோ நையாண்டி பண்ணுகிறேன் என்று சிரித்தார்கள். நான் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். பால் வண்டி ஓட்டின கிளீட்டஸ், "அப்ப இத்தனை வருஷம் உன் பக்கத்துப் பரண்ல உக்காந்திருந்தோமே, எங்க உசுரு சும்மா அதிர்ஷ்டத்துலயா இருந்துச்சு?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் குடித்துக்கொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, உனக்குக் கடிதம் எழுதினேனா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன். "பின்ன இங்க என்னய்யா புடுங்கிட்டு இருக்க?" என்றான்.

அன்றைய வனக்காவலர் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்த வேண்டியிருந்தது. "கோட்டு பழுப்புப் பக்கம் வெளிய கெடந்துச்சு, என் கண்ணால பாத்தேனே" என்றார். கழற்றினது நான், கையைப் பிடித்து இழுத்தேன் என்றேன். என் மேல்சட்டையைக் கழற்றி அவர் கட்டில் மேலேயே இழுத்துக் காட்டினேன். சட்டை புரண்டு கிடந்தது. அவர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "பேனா இருக்கா?" என்றார். தான் எழுதிய அறிக்கை தவறு என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்ததன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். கை நடுக்கத்தில் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஆனால் உன் பெயர் தெளிவாக இருக்கிறது.

துப்பாக்கிகளை ரோண்டாவிடம் கொடுத்துவிட்டேன். இனித் தொட மாட்டேன். வகுப்பும் எடுக்கப்போவதில்லை. ஆனால் புதிதாக வருகிறவர் ஆகஸ்டில் ஒரு நாள் வந்து பேசச் சொல்லியிருக்கிறார். போவேன். உன் பெயரைக் கெடுத்த அதே அறையில் நின்றுதான் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேட்டை உரிமம் வாங்குகிற ஒவ்வொருவரும் முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று விதி வர வேண்டும் என்று மாநிலத்துக்கும் எழுதியிருக்கிறேன். யார் கேட்பார்களோ தெரியாது. ரோஸை எதிர்த்துக் கத்திய தொண்டை இதற்கும் கத்தட்டும்.

இன்று காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஆள் யாரும் இல்லை. அம்மாவிடம் சத்தமாகவே சொன்னேன், அவன் பொய் சொல்லலம்மா, நான்தாம்மா குருடு என்று. அதைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்று அழுதேன். அறுபத்தெட்டு வயதுக் கிழவன்.

நான் மூத்தவன். உன்னிடம் எதற்கும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. ஆற்றில் உன் தூண்டிலைத் தொலைத்ததற்குக்கூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். கொடுக்க மனம் வராவிட்டால் கொடுக்க வேண்டாம், அது உன் உரிமை. ஆனால் உனக்கு இரண்டு மகன்கள் என்று லவோன் சொன்னாள். அப்பாவின் கை ஏன் இப்படி என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். நீ சொன்ன பதிலை அவர்கள் நம்பினார்களா, இல்லை என் பக்கத்தையும் எங்காவது கேள்விப்பட்டு மனதுக்குள் ஒரு சந்தேகத்தை வைத்திருக்கிறார்களா, தெரியாது. அவர்களை உட்காரவைத்து இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. நீ சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆரஞ்சுப் பக்கம் வெளியே இருந்தது. சுட்டவன் எழுதித் தருகிறேன்.

நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். வீட்டுத் தொலைபேசி அதே எண்தான், மாற்றவில்லை. மணி அடித்தால் இனி நான்தான் ஓடிப்போய் எடுப்பேன். திட்டுவதாக இருந்தால் திட்டு. ஒன்றும் பேசாமல் இருந்தாலும் சரி, நீயாக வைக்கும்வரை நான் வைக்க மாட்டேன்.

உன்னைத் தம்பி என்று கூப்பிட இன்னும் உரிமை உண்டா என்று தெரியாத,
உன் அண்ணன்
நார்பர்ட்